மாமரத்தில் விட்டுவைத்த கிளை

மதினிக்குக் கொடுத்த வாக்கை நான் மீறினேன். மீறவில்லை என்று அவரிடமே வாதாடவும் செய்தேன். இரண்டில் எது பெரிய தவறு என்று கேட்டால் பின்னதைத்தான் சொல்வேன். முன்னது சோம்பலில் நடந்தது. பின்னதை நன்றாக யோசித்துச் செய்தேன்.

ராஜபாளையத்தில் எங்கள் அப்பா கட்டிய வீட்டை அண்ணனும் நானும் நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கிக்கொண்டோம். கொல்லையை மட்டும் பிரிக்கவில்லை. அங்கே நின்ற மாமரம் இரண்டு வீட்டுக்கும் பொது. அண்ணன் காலமாகி, சில வருடங்களில் என் மனைவியும் போன பிறகு, அந்தப் பக்கம் மதினியும் இந்தப் பக்கம் நானும் தனியாக இருந்தோம். பிள்ளைகள் வெளியூரில். மதினி தன் வீட்டில் வைக்கும் குழம்பில் ஒரு கிண்ணம் மதியத்தில் எனக்கு வந்துவிடும். கொல்லைக் கதவைத் தட்டி, "தம்பி, இன்னைக்கு உப்பு கொஞ்சம் தூக்கலாத்தான் இருக்கும், கொறை சொல்லாம சாப்பிடணும்" என்று சொல்லிக் கொடுப்பார். கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்ற எனக்கு, நாளில் ஒரு மனிதக் குரல் என்றால் பெரும்பாலும் அதுதான்.

ஓய்வுக்குப் பின் என் மொட்டைமாடியில் சூரிய மின்தகடுகள் வைத்தேன். பிற்பகலில் மாமரத்தின் நிழல் அவற்றின் மேல் விழுந்தது. ஒரு தகட்டின் ஓரத்தில் நிழல் பட்டாலும் வரிசை முழுவதும் மின்சாரம் குறையும். அதை மாணவர்களுக்கு விளக்கியவன் நான் என்பதால், அந்த நிழல் என்னைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. மரம் கவாத்து செய்கிறவர்களிடம் சொல்லி வைத்தேன். அவர்கள் மாந்தோப்புகளில் வேலை முடித்து, ஊருக்குள் வரும்போதுதான் வருவார்கள். ஒருமுறை திருப்பி அனுப்பினால் மறுபடி எப்போது என்று சொல்ல முடியாது.

அந்தப் புரட்டாசியில் மாமரத்தில் புள்ளிப்புறா கூடு கட்டியிருந்தது. கூடு என்று சொல்வதே மரியாதைக்குத்தான். கீழே நின்று பார்த்தால் சுள்ளிகளுக்கு நடுவே வானம் தெரியும். இரண்டு குஞ்சுகள். மதினிதான் முதலில் பார்த்துவிட்டு வந்து சொன்னார். "குஞ்சு பொரிச்சிருக்கு தம்பி. பறந்து போவட்டும், பொறவு எதை வேணாலும் வெட்டிக்கிடுங்க." சரி மதினி என்றேன். அவருக்குக் கவலை வல்லூறைப் பற்றி. மேற்கே மலைப்பக்கமிருந்து வந்து எங்கள் தெரு மின்கம்பத்தில் உட்காரும். மதினி அதற்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்திருந்தார். சொல்லாமல் கொள்ளாமல் வருவது, எல்லாரையும் ஒரு பார்வை பார்ப்பது, யாராவது ஒருவரைத் தூக்கிக்கொண்டு போவது. வேறென்ன பெயர் வைக்க என்பார். அது கம்பத்தில் தெரிந்தால் எவர்சில்வர் தட்டும் கரண்டியுமாகக் கொல்லைக்கு வந்துவிடுவார். "ஏலே இன்ஸ்பெக்டரே, போலே அங்கிட்டு. இங்க ஒனக்கு ஒண்ணும் வைக்கல" என்று தட்டுவார். நான் மாடியிலிருந்து சிரிப்பேன். இலைகள் அடர்ந்திருந்ததால் வல்லூறும் பெரும்பாலும் செத்த நேரம் பார்த்துவிட்டுப் போய்விடும்.

ஒரு சனிக்கிழமை மதினி ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் தங்கையோடு, அந்த ஊரை அடுத்த திருவண்ணாமலையில் மலைமேல் இருக்கும் பெருமாளைப் பார்க்கப் போயிருந்தார். அன்று கவாத்துக்காரர்கள் வந்து நின்றார்கள். இன்று முடியாது என்று சொல்ல என் வாய் திறந்தது. சொன்னது வேறு. கூடு இருக்கிற கிளையை மட்டும் விட்டுவிடுங்கள் என்றேன். அவர்கள் சொன்னபடி செய்தார்கள். மதியத்துக்குள் மரம் மொட்டையாகி, ஒரே ஒரு கிளை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் கவட்டில் கூடு. நான் கீழே நின்று பார்த்தேன். வாக்கும் தவறவில்லை, நிழலும் போயிற்று என்று எனக்கு உண்மையிலேயே திருப்தியாக இருந்தது.

மதினி சாயங்காலம் திரும்பினார். துளசி வைத்திருந்த கையோடு கொல்லைக்கு வந்து அண்ணாந்து பார்த்தார்.

"கூட்டைத் தொடலையே மதினி. குஞ்சு ரெண்டும் அப்படியே இருக்கு. நான் சொன்ன சொல்லைக் காப்பாத்தித்தான் இருக்கேன்" என்றேன்.

"கதவு, சுவரு, கூரை எல்லாத்தையும் பிரிச்சுட்டு, கட்டிலை மட்டும் விட்டு வச்சிருக்கீய. அதுல பிள்ளைக ஒறங்குது" என்றார். குரலை உயர்த்தவில்லை.

அதன் பிறகும் நான் விடவில்லை. கூட்டைப் பற்றித்தானே பேச்சு, இலையைப் பற்றி நீங்கள் எதுவும் சொல்லவில்லையே என்றேன். அறுபது வயது கடந்தவன், இரண்டு குஞ்சுகளுக்காகக் கேட்ட பெண்ணிடம் அப்படி வழக்காடினேன். மதினி நாற்காலியை எடுத்து வந்து மரத்தடியில் போட்டு உட்கார்ந்தார்.

மறுநாள் காலை வல்லூறு கம்பத்திலிருந்து நேராக மொட்டை மரத்துக்கே வந்து அமர்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது. தட்டுச் சத்தத்துக்கு எழும்பி, அடுத்த மாடிவரை போய், திரும்பிப் பார்த்தது. இனி அதற்கு அவசரமில்லை. புறாவுக்குக் கத்தத் தெரியாது, கொத்தத் தெரியாது. மறைவாக அசையாமல் இருப்பது ஒன்றுதான் அதன் வித்தை. அந்த மறைவைத்தான் நான் வெட்டிப் போட்டிருந்தேன்.

சத்திரப்பட்டியில் தறி வைத்திருக்கும் என் பழைய மாணவனிடம் ஓடினேன். அங்கே நெய்வது ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் பேண்டேஜ் துணி. கண்ணி கண்ணியாக இருக்கும். காற்று போகும், வெயில் மட்டுப்படும், வல்லூறு நுழையாது என்று கணக்குப் போட்டேன். கிளையைச் சுற்றிப் பந்தல்போல் கட்டினேன். தாய்ப்புறா மின்கம்பியில் வந்து உட்கார்ந்தது. வெள்ளைத் துணி காற்றில் படபடக்க, கிட்டவே வரவில்லை. வெயில் ஏறியது. குஞ்சுகள் கழுத்தை நீட்டுவது துணி வழியாக மங்கலாகத் தெரிந்தது.

"ஆஸ்பத்திரியா நடத்துதீய? தாய் எங்கிட்டுக்கூடி நுழைவா? அவுத்துப் போடுங்க" என்றார் மதினி.

அவிழ்த்தேன். பிறகு மதிலோரம் குவிந்து கிடந்த வெட்டிய கிளைகளையே தூக்கி வந்து, ஏணியில் ஏறி, மரத்தோடு சேர்த்துக் கயிற்றால் கட்டினேன். மதினி ஏணியைப் பிடித்துக்கொண்டார். "விழுந்து தொலைச்சிராதீய. ஒங்களையும் சேத்து என்னால பாக்க ஏலாது." முடித்து இறங்கியபோது மரம் பழைய மரம்போலவே இருந்தது. தாய்ப்புறாவும் வந்தது. அன்று மாலைக்குள் நான் என்னை மன்னித்துவிட்டிருந்தேன்.

வெட்டிய கிளையின் இலை எத்தனை நாள் தாங்கும்? சுருண்டது, செம்பு நிறமானது, காற்றுக்கு உதிர்ந்தது. காலையில் நான், பிற்பகலில் மதினி என்று முறை வைத்துக் காவல் இருந்தோம். ஒரு மதியம், குக்கர் விசிலடித்ததும் அடுப்பை அணைக்க மதினி உள்ளே போனார். வருவதற்குள் ஒரு குஞ்சு இல்லை. மறுபடி அடுப்படிக்குப் போய், குக்கரின் கைப்பிடியைப் பிடித்தபடியே வெகுநேரம் நின்றிருந்ததாகப் பிற்பாடு அவரே சொன்னார்.

இரண்டாவது என் கண்ணெதிரே போயிற்று. நான் விழித்திருந்தேன், கையில் கம்பு இருந்தது, வல்லூறு வருவதையும் பார்த்தேன். கத்தினேன். கம்பை எறிந்தேன். அது வேறு கிளையில் பட்டுக் கீழே விழுந்தது. வல்லூறு வேகத்தைக்கூடக் கூட்டவில்லை. தன் உணவை எடுத்துக்கொண்டு மேற்கே போயிற்று. அதன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். தாய்ப்புறாவும் அதன் ஜோடியும் கம்பியில் உட்கார்ந்து கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தன. மறுநாளும் அங்கேதான் இருந்தன.

குழம்பு வருவது நிற்கவில்லை. கொல்லைப் படியில் மூடி வைத்த கிண்ணம் இருக்கும். கதவு தட்டப்படாது. உப்பைப் பற்றி யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். தை பிறந்ததும் மதினி ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தங்கை வீட்டோடு இருக்கப் போய்விட்டார். என்னால்தான் போனார் என்று சொல்லமாட்டேன். முட்டிவலி, தங்கைக்கும் துணையில்லை. ஆனால் என்னால் இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

மின்தகடுகளை மாடியின் மறுபக்கத்துக்கு மாற்றினேன். ஆள் வந்து ஒரு பகலில் முடித்துவிட்டார். முதலிலேயே செய்திருக்கலாம். மரம் துளிர்த்தது. அடுத்த வருடம் மழைக்குப் பின் இலைகள் நன்றாக மூடிக்கொண்ட பிறகு, உள்ளே ஒரு புள்ளிப்புறா சுள்ளியோடு நுழைவதைப் பார்த்தேன். குஞ்சு பொரிக்கும்வரை யாருக்கும் சொல்லவில்லை. பிறகு மதினிக்குப் போன் செய்தேன். பஸ் ஏறி வந்துவிட்டார். பூட்டியிருந்த வீட்டைத் திறந்து நாற்காலியை எடுத்துப் போட்டார். இரண்டு நாள் இருவரும் காவலிருந்தோம். அதிகம் பேசவில்லை. மூன்றாம் நாள் காலை, அவ்வளவு இலைகளுக்கு நடுவிலும் வல்லூறு பாய்ந்து ஒரு குஞ்சை எடுத்துக்கொண்டு போனது.

எனக்கு முதலில் தோன்றியதைச் சொல்லிவிட வேண்டும். வருத்தத்துக்கு முன்னால் ஒரு நிம்மதி வந்தது. "இலை இருந்தும் எடுத்துட்டுதே மதினி" என்றேன். அவர் வாயிலிருந்து எதை வரவழைக்கப் பார்த்தேன் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

"இது அது எடுத்தது. போன வருசத்துது ரெண்டும் நீங்க குடுத்தது" என்றார்.

மதியம் அவரைப் பஸ் ஏற்றிவிட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, "மத்தது பறந்துச்சுன்னா போன் போடுங்க" என்றார்.

சில நாட்களில் ஒரு காலை எழுந்து வந்து பார்க்கையில் கூடு காலியாக இருந்தது. பறந்ததா, எடுக்கப்பட்டதா, நான் பார்க்கவில்லை. பறந்துவிட்டது என்று சொல்வது எளிது. போன் செய்து, தெரியவில்லை மதினி, கூட்டில் இல்லை, அவ்வளவுதான் தெரியும் என்றேன்.

"மரத்தடியில எறகு கெடக்கா?" என்று கேட்டார்.

போனைக் காதில் வைத்தபடியே குனிந்து தேடினேன். சருகுதான் கிடந்தது. இல்லை என்றேன்.

"அப்பம் பறந்துட்டுன்னு வச்சுக்கிடுவோம் தம்பி."

வைத்துக்கொள்வோம் என்றேன். மரத்தின் பாதிக் கிளைகள் மதிலுக்கு அந்தப் புறம், அடுத்தவர் மனைமேல் நீண்டிருக்கின்றன. அங்கேயும் எட்டிப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. பார்க்கவில்லை.