மொழிபெயர்க்காமல் விட்டது

நிறத்தைப் பற்றியும் சமூகத்தைப் பற்றியும் பிரெஞ்சில் எழுதிப் பிழைக்கிறவள் நான். கூட்டங்களில் யாராவது என் முதல் கட்டுரை எது என்று கேட்டால், இருபத்திரண்டு வயதில் எழுதிய ஒன்றைச் சொல்லித் தப்பித்துக்கொள்வேன். உண்மையில் முதலாவதை எழுதியபோது எனக்குப் பத்து வயது.

பள்ளியில் ‘என் தெரு’ என்று தலைப்புக் கொடுத்திருந்தார்கள். எங்கள் வீட்டுக்குப் பக்கத்து லா சப்பல் மெட்ரோ நிலைய வாசலில் பொலிஸ் யாரை மறிக்கிறது, யாரை விடுகிறது என்று மூன்று பின்னேரம் நின்று பார்த்து எழுதினேன். கறுப்பர்களையும் எங்கள் ஆட்களையும் மறித்தார்கள். எங்கள் ஆசிரியை கைப்பையை ஆட்டிக்கொண்டு நடுவால் போனார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். விசா இல்லாத என் அப்பா இதற்குப் பயந்து முந்திய நிலையமான ஸ்டாலின்கிராட்டிலேயே இறங்கி நடந்து வருவார் என்பதையும், உதாரணம் காட்டும் ஆர்வத்தில் எழுதிவிட்டேன். ஆசிரியை மெச்சினார். பெற்றோர் வரும் நாளில் சுவரில் ஒட்டப்போவதாகச் சொன்னார்.

அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அதைத் தமிழில் சொல்லிக்காட்டிவிட்டுப் பாராட்டுக்காகக் காத்து நின்றேன். அவருடைய கை சோற்றுக் கோப்பையிலேயே நின்றுவிட்டது. அம்மா எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். எங்கள் வீடு நாலாம் மாடியில்.

“உன்ரை பேர் போட்டிருக்கோ?” என்று மட்டும் அப்பா கேட்டார்.

“ஓம்” என்றேன்.

அடுத்த நாள் காலை, வேலைக்குப் போகாமல் என்னோடு பள்ளிக்கு வந்தார். வழியில் சீருடை எதைக் கண்டாலும், தபால்காரரைக் கண்டபோதும்கூட, என் கையை இறுக்கினார். அவருடைய பயம் எனக்கும் தொற்றிக்கொண்டது. அப்பாவுக்குப் பிரெஞ்சு போதாது. ஆகவே ஆசிரியைக்கு முன்னால் நான்தான் மொழிபெயர்ப்பாளர்.

“‘நான் பொய் எழுதினனான்’ எண்டு சொல்லு” என்றார் அப்பா.

சொன்னேன். என் வாயாலேயே என்னைப் பொய்க்காரியாக்கிய அப்பாவை அந்த நிமிடம் வெறுத்தேன்.  ஆசிரியை தாளை எடுத்து அப்பா கையில் கொடுத்துவிட்டு, இதை வேறு யாரும் பார்க்கவில்லை, இனிப் பார்க்கவும் மாட்டார்கள், பயப்பட வேண்டாம் என்று அப்பாவிடம் சொல் என்றார்.

“என்னவாம்?” என்று அப்பா கேட்டார்.

“கட்டுரையின்ரை கொப்பி ஒண்டு விசா ஒஃபிசுக்குப் போயிட்டுதாம்” என்றேன். பொய்க்காரி என்றால் பொய்க்காரியாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்ற வீம்பு.

அப்பா தலையை ஆட்டி, ஆசிரியைக்கு நன்றி சொன்னார்.

அன்று பின்னேரமே இரண்டு சட்டைகளைப் பையில் வைத்துக்கொண்டு, நகருக்கு வெளியே ஸ்தேனில் இருந்த சிநேகிதர் வீட்டுக்குப் போய்விட்டார். ஏழு கிழமை, ஒன்றரை மாதத்துக்கு மேல், வரவில்லை. கதவு தட்டுப்பட்டால் அம்மா மூச்சுக்கூட விடமாட்டார். எனக்கும் பயம்தான். ஆனால் என் பயம் வேறு. அப்பா என்னோடு கோபித்துக்கொண்டு போய்விட்டார், இனித் திரும்பமாட்டார் என்றே நினைத்தேன். வந்ததும் கேட்பதற்கு ஒரு மன்னிப்பைக்கூடப் பாடமாக்கி வைத்திருந்தேன், கட்டுரை எழுதியதற்காக மட்டும்.