பிழிந்து கொண்டுவந்த மூத்திரம்

பத்தொன்பது வருடமாக ஊரார் மலத்தையும் மூத்திரத்தையும் டப்பாவில் வாங்கி வைப்பதுதான் மெர்சியின் வேலை. படப்பையில் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் சின்ன லேப். "போகப் போகப் பழகிடும்" என்றார்கள். பழகவில்லை. அவள் வீட்டில் இன்றுவரை பருப்புக் கடைசல் கிடையாது. நிறத்தைப் பார்த்தாலே குமட்டும். வேலையிலிருந்து வந்து குளிக்கும்வரை பெற்ற பிள்ளைகள்கூட அவளைத் தொடக் கூடாது.

அன்று காலை ஐயனார் நீட்டிய டப்பாவைத் திறந்ததும் சேலைத் தலைப்பு தானாக மூக்குக்குப் போனது.

"இன்னாபா இது? உள்ள ஜவ்வரிசி மாதிரி மெதக்குது?"

ஐயனார் மனைவி மாடத்தியைப் பார்த்தான். அவள் தோளில் ஏழு மாதக் குழந்தை சுகப்பிரியா துவண்டு கிடந்தது. காய்ச்சல் நாலாம் நாள். மூத்திரத்தைப் பரிசோதனைக்குக் கொடுத்த கையோடு மருந்தைத் தொடங்கலாம், அதற்குமுன் கூடாது என்று அனுப்பியிருந்தார் டாக்டர்.

"கம்பெனி பஸ் ஏழே முக்காலுக்குக்கா. பாப்பா ஒண்ணுக்கு இருக்க மாட்டேங்கா. அதான் டயப்பரைப் பிழிஞ்சி..." என்று இழுத்தான் ஐயனார்.

"எப்பப் போட்ட டயப்பரு?"

"நேத்து ராத்திரி" என்றாள் மாடத்தி. "வெளிக்கியும் இருந்திருந்தா. அதை வழிச்சிட்டுத்தான் பிழிஞ்சாவ."

"எதுல?"

"டம்ளர்ல. பொறவு கழுவிட்டோம்க்கா."

மெர்சி டப்பாவைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்தாள்.

"த்தூ! உன் கம்பெனி லைன்ல ஒரு போல்ட்டு எடுத்துக் குடுன்னு சொன்னா சாக்கடையிலேர்ந்து பொறுக்கியாந்து குடுப்பியா? கொடல்ல கீற கிருமி அங்கயே இருந்தா ஒண்ணும் பண்ணாது. மூத்திரப் பையில பூந்தாதான் ஜுரம். ரெண்டையும் கலக்கிக் குடுத்தா எதுக்குன்னு மருந்து ஏத்துவாங்க? தப்பு மருந்துதான் ஏறும், உன் கொழந்தைக்கு."

டப்பா குப்பைக்குப் போனது. குழந்தையைக் கழுவிப் புதிதாகப் பிடிக்க வேண்டும்.

குழந்தையைக் கழுவிய மாடத்தி, பின்னாலிருந்து முன்னால் துடைத்தாள். "ஐயே, அதைக் கொண்டாந்து இதுல பூசறியே! முன்னாலேர்ந்து பின்னால தொடை" என்று மெர்சி பஞ்சைப் பிடுங்கிக்கொண்டாள்.

குழந்தைக்குப் பால் கொடுத்தாயிற்று. ஐயனார் அதை அக்குளில் பிடித்துத் தூக்கி நிற்க, மெர்சி புது டப்பாவோடு கீழே உட்கார்ந்து, மூத்திரம் வரட்டும் என்று குளிர்ந்த ஈரப் பஞ்சால் அடிவயிற்றைத் தேய்த்தாள். ஒன்றும் வரவில்லை. மறுபடி தேய்த்தாள். வெளியே கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. ஐயனார் திரும்பிப் பார்த்தான், பிடியை விடவில்லை. பஸ் போய்விட்டது.

முதல் பீச்சல் மெர்சியின் மணிக்கட்டில் விழுந்து முழங்கைவரை வெதுவெதுப்பாக வழிந்தது. உடம்பெல்லாம் கூசியது. கை அசையவில்லை. அடுத்ததை டப்பாவில் பிடித்தாள். குழந்தை முக்கியதும் டப்பாவைச் சட்டென்று இழுத்து மூடினாள். மஞ்சளாக ஒன்று அவள் செருப்பில் விழுந்தது.

"நீ வந்ததுக்கு மொத்தமா செஞ்சுட்டே" என்று குழந்தையைத் திட்டிக்கொண்டே மூன்று முறை சோப்புப் போட்டாள்.

மூன்றாம் நாள் ரிப்போர்ட்டில் ஒரே வகைக் கிருமி, குடலில் இருப்பதேதான், மூத்திரப் பைக்குள் புகுந்திருந்தது. எந்த மருந்துக்குச் சாகும் என்பதும் தெளிவாக இருந்தது. ஆரம்பித்த மருந்து அதற்குக் கேட்காது என்று டாக்டர் மாற்றினார். காய்ச்சல் விட்டது.

அடுத்த வாரம் மாடத்தி குழந்தையைக் கொண்டுவந்து, "அக்காட்ட போடீ" என்று நீட்டினாள்.

மெர்சி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "அங்கயே நில்லு. டயப்பர் எப்ப மாத்துன?"

"இப்பந்தாங்க்கா."

"அந்த டம்ளரு?"

"தூரப் போட்டாச்சு."

மெர்சி யோசித்து ஒரு விரலை மட்டும் நீட்டினாள். குழந்தை அதைப் பிடித்து நேராக வாயில் வைத்துக்கொண்டது.

"ஐயே, ச்சீ!"