முதல் தட்டு சாப்பிடுகிறவரின் முகம்

மூன்று வருடங்களுக்கு முன், மாரண்டஹள்ளி பேருந்து நிலையத்தை ஒட்டிய சந்தில் நாங்கள் ஓட்டல் ஆரம்பித்த பிறகு வந்த முதல் கோடையில் இது நடந்தது. நான், என் மனைவி, என் தம்பி மூன்று பேர்தான் ஓட்டல். தம்பி டீ போடுவான், பரிமாறுவான். கல்லாவும் காய்கறி வாங்குவதும் என் வேலை. சமையல் முழுக்க மனைவி.

அதற்கு முன் பன்னிரண்டு வருடம் ஒரு நாளிதழுக்குத் தாலுகா நிருபராக இருந்தேன். கொரோனாவில் பக்கங்கள் குறைந்தன, என் வேலையும் போயிற்று. ஓட்டல் வைக்கலாம் என்று தோன்றியதற்கு ஒரே காரணம் அவளுடைய சமையல். எங்கள் வீட்டில் சமைக்கும்போது வாயில் வைத்துப் பார்க்கும் வழக்கம் இல்லை, எச்சில் என்பார்கள். அவள் கரண்டியைத் தூக்கி ஆவியை ஒருமுறை முகர்ந்துவிட்டு, இன்னும் கொஞ்சம் உப்பு வேண்டும் என்பாள். அது தப்பி நான் பார்த்ததில்லை. சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் குழம்பு இறக்கும் முன் அவளைக் கூப்பிட்டு அனுப்புவார்கள்.

அப்பா விட்டுப்போன அரை ஏக்கரை விற்றுக் கடையைப் பிடித்தோம். பெயர்ப்பலகைக்கு அவள் பெயரையே எழுதக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து சொன்னபோது சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். "எதுக்குங்க எம் பேரு?" என்று மட்டும் கேட்டாள். கூச்சம் என்று எடுத்துக்கொண்டேன்.

காலையில் ஓசூர் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களும் தக்காளி மண்டியில் மூட்டை தூக்குகிறவர்களும் வந்தார்கள். வியாபாரம் மோசமில்லை. வீட்டில் கையால் அள்ளிப் போட்டவள், ஓட்டலில் உப்பு, மிளகாய்த்தூள், புளி எல்லாவற்றையும் ஒரு எவர்சில்வர் டம்ளராலும் ஸ்பூனாலும் அளந்து போட்டாள். தொழில் பழகிவிட்டாள் என்று பெருமையாக இருந்தது.

இன்னொரு பழக்கமும் வந்திருந்தது. ஒவ்வொரு வேளையும் முதல் தட்டு வெளியே போனதும், சமையலறைத் திரையை விலக்கிக்கொண்டு வந்து நிற்பாள். சாப்பிடுகிறவரின் முகத்தையே பார்ப்பாள். அவர் இரண்டு வாய் சாப்பிட்ட பிறகுதான் உள்ளே போவாள்.

"அண்ணி, அவரு தட்ட தூக்கிகினு ஓடிர மாட்டாரு, நீங்க போங்க" என்று தம்பி கிண்டல் செய்வான். எனக்கு எரிச்சலாக இருக்கும். நன்றாக இருக்கிறது என்று யாராவது சொல்ல வேண்டும் என்று ஏங்குகிறாள் என நினைத்தேன். அப்படியே சொல்லியும் காட்டினேன்.

ஏப்ரலில் ஒரு நாள், பாலக்கோடு பஸ் நடத்துநர் ஒருவர் பதினோரு மணிக்கு இட்லி கேட்டார். சட்னியைத் தொட்டதுமே தட்டைத் தள்ளினார்.

"இன்னாங்க இது, ஊசிப் போன வாட தட்டு வைக்கிறப்பவே அடிக்குது. உள்ள இருக்கறவங்களுக்குத் தெரியாதா?"

கடையில் எட்டுப் பேர் இருந்தார்கள். அவளைப் பெயர் சொல்லி வெளியே கூப்பிட்டேன்.

"மூக்க எங்கனா அடகு வெச்சிட்டியா? இதுகூடத் தெரியல உனக்கு?"

"தெரியலீங்க" என்றாள்.

யாரோ சிரித்தார்கள். அவள் சட்னிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அந்த வாரமே பால் இரண்டு முறை அடிப்பிடித்தது. அவளுக்குக் கடையில் அக்கறை போய்விட்டது என்று தம்பியிடம் சொன்னேன்.

மே மாதம், மதியச் சாப்பாடு முடிந்து கடையைச் சாத்தியிருந்த நேரம். நாலு மணிக்கு பஜ்ஜி போட்டாக வேண்டும். மூன்றரைக்கே அவள் உள்ளே போய்விட்டாள். வெயிலுக்கும் ஈக்கும் பயந்து சமையலறை சன்னலைச் சாத்தி வைத்திருந்தோம். பக்கத்து மாவு மில் ஓடிக்கொண்டிருந்தது. நானும் தம்பியும் முன்பக்கக் கதவைத் திறந்து பெஞ்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்தோம்.

எங்களுக்குக் கொத்தமல்லி, புதினா கொண்டுவருகிற அம்மா ஒருவர் உண்டு. எல்லைப்பக்கக் கிராமம்; வீட்டில் கன்னடம் பேசுகிறவர். எப்போதும் பின்சந்து வழியாகத்தான் வருவார். அவர் போட்ட சத்தம் மில் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

"ஏம்மா! பத்த வெக்காத! வெளிய வா, வெளிய வா!"

திரைக்கு இரண்டடி முன்பே கேஸ் நாற்றம் என் முகத்தில் அடித்தது. உள்ளே, பின்கதவு வாசலில் அந்த அம்மா என் மனைவியின் வலது மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டிருந்தார். அந்தக் கையில் லைட்டர் இருந்தது. மேடைமேல் ஒரு வாழைக்காய் முழுதாகச் சீவி அடுக்கப்பட்டிருந்தது. மாவும் கரைத்தாகிவிட்டது. கால்மணி நேரமாவது அவள் அங்கேயே நின்றிருக்கிறாள்.

ஃபேன் சுவிட்சைத் தொடாதே என்று தம்பியிடம் கத்திவிட்டு, சிலிண்டரை மூடி சன்னலைத் திறந்தேன். அடுப்புக்குப் போகும் ரப்பர் குழாயின் அடிப்பக்கத்தை எலி கடித்திருந்தது.

சந்தில் அந்த அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. கீரைக்கட்டுகள் மண்ணில் கிடந்தன.

"கதவத் தொறந்ததுமே எனக்கு நாத்தம் மூக்குல ஏறுச்சு. நீ எப்படிம்மா அதுக்குள்ள நின்னுகினு இருந்த?"

மனைவி லைட்டரைக் கீழே வைத்துவிட்டு, பின்வாசல் படியில் உட்கார்ந்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"எனக்கு வாசன தெரியறதில்லீங்க. கொரோனா வந்துச்சே, அப்பலேர்ந்து."

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் வந்தது. எல்லோருக்கும் வாசனை போயிற்று. பத்து நாளில் எங்களுக்குத் திரும்பியது. அவளுக்கு வந்ததா என்று நான் கேட்கவே இல்லை.

"ஏன் சொல்லல?"

"சொல்லணும்னுதாங்க இருந்தேன். அன்னிக்குத்தான் போர்டுல எம் பேரு எழுதக் குடுத்துட்டேன்னு வந்து சொன்னீங்க. நெலமும் வித்தாச்சு. சீக்கிரம் வந்துரும்னு பாத்துகினே இருந்தேன்."

தம்பி அழுதுவிட்டான். நான் மண்ணில் கிடந்த கீரைக்கட்டுகளைப் பொறுக்கி எடுத்து அந்த அம்மாவின் கூடையில் வைத்தேன்.

நிருபராக இருந்தபோது இப்படிப்பட்ட விபத்துச் செய்திகள் நான்கைந்து எழுதியிருக்கிறேன். கேஸ் கசிந்ததைக் கவனிக்காமல் அடுப்பைப் பற்றவைத்தபோது என்று ஒரு வரி எல்லாவற்றிலும் இருக்கும். ஏன் கவனிக்கவில்லை என்று ஒருவரிடமும் நான் விசாரித்ததில்லை. அன்று அந்த அம்மா ஐந்து நிமிடம் தாமதமாக வந்திருந்தால், வேறொரு நிருபர் எங்களைப் பற்றி அதே வரியை எழுதியிருப்பார்.

தர்மபுரியில் பார்த்த மருத்துவர், முன்பே வந்திருக்கலாம் என்றார். வாசனை திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்றார். தினமும் கிராம்பையும் எலுமிச்சைத் தோலையும் முகர்ந்து பழகச் சொன்னார். அவள் இன்றுவரை விடாமல் செய்கிறாள். இன்றுவரை ஒன்றும் தெரியவில்லை.

ஓட்டல் நடக்கிறது. இப்போது குழம்பை வாயில் வைத்துப் பார்ப்பவன் நான். எச்சில் என்று யாரும் சொல்வதில்லை. முன்பு நடத்துநர் சொன்னதை இன்னும் சிலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். சட்னியை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் தொடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

சமையலறைக்குள் முதலில் நான்தான் போகிறேன். நின்று மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டுத் தலையசைக்கும் வரை அவள் திரைக்கு வெளியே என் முகத்தைப் பார்த்தபடி நிற்கிறாள். அத்தனை மாதங்களும் சாப்பிடுகிறவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் அவள் சமைத்திருக்கிறாள். எட்டுப் பேர் நடுவே அவளைக் கூப்பிட்டு நிறுத்திய அன்று என் முகத்தில் எதைப் பார்த்தாள் என்று கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.