கணக்கில் விழாத சுற்று

வடக்குப்பட்டுக்குப் பின்னால், கம்பெனிகள் வரும் என்று சொல்லி ரோடு மட்டும் போட்டு வைத்த இடம் ஒன்று இருக்கிறது. தார் போடவில்லை. ஜல்லி கொட்டி, ரோலர் ஓட்டி, அப்படியே விட்டுவிட்டார்கள். விளக்குக் கம்பங்கள் நிற்கின்றன, விளக்கு கிடையாது. கம்பெனி வருகிற வரைக்கும் மாடுகள் மேய்கின்றன. பொங்கல் முடிந்த அடுத்த சனி, ஞாயிறு மட்டும் அங்கே சைக்கிள் பந்தயம் நடந்தது. அதில் நானும் ஓட்டினேன். அந்த இரண்டு நாளும் பிள்ளைகள் நீங்கள் பெரியம்மா வீட்டில் இருந்தீர்கள். அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

பந்தயம் என்றால் முதலில் வருவது என்று நினைப்பீர்கள். முதலில் வருகிறவர்கள் வேறு ஆட்கள். காரின் தலையில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வருவார்கள். அவர்களுடைய சைக்கிளை ஒரு விரலால் தூக்கலாம். எங்களைப் போன்றவர்களுக்கு, சொன்ன தூரத்தைச் சொன்ன நேரத்துக்குள் முடிப்பதுதான் பந்தயம். அதற்கே மூச்சு வாங்கும்.

இரண்டு பேர் ஒரு ஜோடி. சனிக்கிழமை ஜல்லி ரோட்டிலும் செம்மண்ணிலும் எண்பது கிலோமீட்டர், இரண்டு பேரும் சேர்ந்தே போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரை, கல்குவாரிப் பள்ளம், மணல் எல்லாம் சேர்ந்த எட்டு கிலோமீட்டர் சுற்று. ஒருவர் ஒரு சுற்று போய்வந்த பிறகு மற்றவர் போகலாம், யார் எத்தனை சுற்று என்று கட்டாயம் இல்லை. காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து, பகல் பன்னிரண்டு மணிக்குள் ஜோடி பன்னிரண்டு சுற்று முடிக்க வேண்டும். ஒரு சுற்று குறைந்தாலும் முடித்ததாகச் சேராது. சனிக்கிழமை ஓட்டியதும் வீண்.

என் ஜோடி, நீங்கள் தெற்கு மாமா என்று கூப்பிடுகிறவர். தென்காசிப் பக்கத்துக்காரர். குன்றத்தூரில் நாலு பேரோடு ரூம் எடுத்துத் தங்கியிருந்தார். நான் வேலை செய்கிற பைக் கம்பெனியில், லைனில் எனக்கு அடுத்த ஸ்டேஷன். நான் பின்சக்கர நட்டை முடுக்கி அனுப்பினால் அவர் பிரேக் ஒயர் மாட்டுவார். என்னைவிடப் பதினோரு வயது சின்னவர். நான் ஒன்பது வருஷமாக சேரப்பணஞ்சேரியிலிருந்து வேலைக்குச் சைக்கிளில் போவதைப் பார்த்துவிட்டு, அவர்தான் என்னை இதில் இழுத்தார்.

அவருக்கு இதில் ஒரு காரியம் இருந்தது. பிப்ரவரி கடைசியில் மேற்கே மலையில் ஒரு பெரிய பந்தயம். இப்படி இரண்டு நாள் பந்தயம் ஒன்றை முழுதாக முடித்தவர்களைத்தான் அதில் சேர்ப்பார்கள். அதற்கு முந்தின வருஷம் அவர் பெயர் கொடுத்தும், அந்த வாரம் கட்டாய ஓ.டி. போட்டுவிட்டதால் போக முடியவில்லை. இந்த வருஷம் மார்ச்சோடு அவருடைய கான்ட்ராக்ட் முடிகிறது.

“ஒருதடவ மலையில ஏறிப் பாத்துரணும்ணே. மார்ச்சுக்கு அப்புறம் எந்த ஊர்ல கெடப்பேனோ” என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். எங்கள் கம்பெனி பெயின்ட் ஷாப்பில் வேலை செய்கிற ஒருவரிடம் பட்டை டயர் போட்ட சைக்கிள் ஒன்றை இரவல் வாங்கி, ஒன்றரை மாதம் ஏரிக்கரையில் பழகினேன்.

சனிக்கிழமை நன்றாகவே போனது. ஊர் ரோடெல்லாம் எனக்குத் தெரியும். எந்த இடத்தில் லாரி குழி பறித்திருக்கிறது, எந்தக் கரையில் கருவேல முள் கிடக்கும் என்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டு போனேன். அப்படியும் இரண்டு தடவை பஞ்சர். இரண்டும் என் சக்கரம். மாமா திருப்பத்துக்குத் திருப்பம் நின்று, நான் வருகிற வரைக்கும் சங்கிலியைத் துடைத்துக்கொண்டிருப்பார். எங்கள் கம்பெனியின் பின்சுவரை ஒட்டியும் வழி போனது. அங்கே டீக்கடையில் எங்கள் லைன் ஆட்கள் நாலைந்து பேர் ஷிப்ட் விட்டு நின்றிருந்தார்கள்.

“இன்னாண்ணே, பஸ்ஸ வுட்டுட்டியா?” என்று ஒருவர் கேட்டார். “மெதுவா போண்ணே, ஷிப்ட் திங்கக்கெழமதான்” என்று இன்னொருவர். மாமா கை காட்டிவிட்டுப் போனார். எனக்குக் கைப்பிடியை விட முடியவில்லை. குறித்த நேரத்துக்கு இருபது நிமிஷம் முன்னால் முடித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் அம்மாவும் வந்தாள். சுற்றுக்கு ஒன்று என்று பன்னிரண்டு ஆரஞ்சுப் பழம் கூடையில் எடுத்துவந்திருந்தாள். சுற்று முடித்து வருகிறவருக்கு ஒரு பழம். உரித்த தோலைக் கூடைக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்துக்கொண்டே வந்தாள்.

சுற்றை எண்ணுவது மிஷின். ஜோடிக்கு ஒரு பட்டை கொடுப்பார்கள். கணுக்காலில் ஒட்டிக்கொள்ள வேண்டும், அதற்குள் சிப் இருக்கிறது. சுற்றின் முடிவில் ஒரு வளைவு, அதன் அடியில் கறுப்பு ரப்பர் விரிப்பு. அதன் மேல் சைக்கிள் ஏறினால் ஒரு சுற்று பதியும். வளைவைத் தாண்டியதும் ஷாமியானா. அங்கே பட்டையைக் கழற்றி ஜோடியின் காலில் ஒட்ட வேண்டும். நான் முதல் ஆளாகப் போனேன், மாமா இரண்டாவது. எனக்குச் சுற்றுக்கு அரை மணி நேரமும் ஒரு நிமிஷமும் ஆனது. மாமாவுக்கு இருபத்தைந்து நிமிஷம். கூட்டிப் பார்த்தால் நேரம் மிஞ்சியது. யாரும் அவசரப்படவில்லை.

என்னுடைய நாலாவது சுற்றில் அது நடந்தது.

நாங்கள் வேலைக்குச் சைக்கிளில் போனாலும் பைக்கில் போனாலும் கம்பெனி கேட்டில் இறங்கிவிட வேண்டும். இறங்கி, ஓரத்தில் பச்சை பெயின்ட் அடித்த நடைபாதையில் தள்ளிக்கொண்டே போக வேண்டும். ஏறி ஓட்டினால் செக்யூரிட்டி நம்பரை எழுதிக்கொள்வார், சூப்பர்வைசர் எல்லாருக்கும் முன்னால் நிற்க வைத்துக் கேட்பார். நான் ஒன்பது வருஷத்தில் ஒருநாளும் எழுதப்படவில்லை.

பந்தயத்தில் வளைவுக்குப் பக்கத்தில் காலையிலிருந்து பந்தயம் நடத்துகிறவர்களின் ஆள் ஒருவர் பனியனோடு நின்றார். ஒன்பது மணிக்கு அவர் சாப்பிடப் போக, ஏஜென்சியிலிருந்து வந்த செக்யூரிட்டி நின்றார். எங்கள் கேட்டில் நிற்பவர்களுடைய அதே நீலச் சட்டை, அதே விசில். நான் வரும்போது அவர் விசில் ஊதிக் கையைத் தூக்கினார். என் கால் தானாக இறங்கிவிட்டது. ஓரத்தில் பார்வையாளர்கள் நடக்கப் பச்சை விரிப்புப் போட்டிருந்தார்கள். அதில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, வளைவைச் சுற்றி ஷாமியானாவுக்குப் போனேன். மாமா காலை நீட்டிக்கொண்டு தயாராக இருந்தார். பட்டையை ஒட்டினேன், கிளம்பிப் போனார். உங்கள் அம்மா பழம் உரித்தாள். எனக்கு எதுவும் தவறாகத் தோன்றவில்லை. அந்தச் சுற்றில் மணலில் இறங்காமல் ஓட்டியதைப் பற்றி அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பதினொன்று முப்பத்து மூன்றுக்கு மாமா தன் ஆறாவது சுற்றை முடித்து வந்தார். கூடை காலி. மாமா சைக்கிளைச் சாய்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, பழத்தை இரண்டு வாயில் தின்றார். அப்போதுதான் நான் சுற்றுக் கணக்கு காட்டும் பலகையில் எங்கள் நம்பரைத் தேடினேன். பதினொன்று என்று இருந்தது.

மேஜையில் கம்ப்யூட்டரோடு ஒரு பெண் இருந்தாள். அவளிடம் போய், பன்னிரண்டு ஓட்டியிருக்கிறோம் என்று சொன்னேன். ஒவ்வொரு சுற்றும் எத்தனை மணிக்குப் பதிந்தது என்று வாசித்துக் காட்டினாள். ஒரு இடத்தில் மட்டும் இரண்டு பதிவுக்கு நடுவில் ஒரு மணி நேரம் போல இடைவெளி இருந்தது.

“சிப் அந்த மேட் மேல படணும் சார். ஓரமா வந்தா எடுக்காது” என்றாள். நாங்கள் பொய் சொல்கிறோம் என்று அவள் சொல்லவில்லை. கையால் எழுதிச் சேர்க்க அவளுக்கு அனுமதி இல்லை, அவ்வளவுதான்.

அம்மா எனக்குப் பின்னால் வந்து நின்றிருந்தாள்.

“கேட்டாண்ட எறங்கி தள்ளிக்கினு வந்தீங்களே, அதுவா இருக்குமோ?” என்றாள்.

அதுதான் என்று உடனே தெரிந்துவிட்டது. ஷாமியானாவுக்குத் திரும்பி வந்து மாமாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, பலகையைப் பார்த்தார். பிறகு மணியைப் பார்த்தார். நான் மண்டியிட்டு அவர் காலிலிருந்த பட்டையைக் கழற்றி என் காலில் ஒட்டிக்கொண்டேன். லைனில் யார் கையால் பிழை நடந்ததோ, வண்டி அவர் கைக்குத்தான் திரும்பி வரும். அதை அவரே சரிசெய்து அனுப்புவார். எனக்கு அப்படித்தான் பழக்கம். மாமா அப்போதுதான் இறங்கியிருந்தார், நான் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நான் போவதுதான் முறை என்று நினைத்தேன்.

“நா போறேன். நா பண்ண தப்பு” என்றேன்.

மாமா எழுந்து நின்றார்.

“ஒங்களுக்கு எத்தன நிமிசம் ஆவும்ணே?”

முப்பது என்றேன். வேகமாகப் போனால் இருபத்தொன்பது.

“இருக்கது இருபத்து நாலு. நீங்க போனா ஒங்க மனசு சரியாவும், பன்னெண்டாவது சரியாவாது. பட்டையக் கழட்டுங்க.”

கோபமாகச் சொல்லவில்லை. லைனில் ஸ்பேனர் கேட்கிற மாதிரி சொன்னார். காலை நீட்டினார். நான் கழற்றி ஒட்டினேன். அவர் தண்ணீர் கூடக் குடிக்காமல் ஏறிப் போனார். அன்று காலை வெயில் வருவதற்கு முன்னால் ஒரே ஒரு சுற்றை அவர் இருபத்து மூன்றரை நிமிஷத்தில் முடித்திருந்தார். கடைசிச் சுற்று இருபத்தேழு ஆகியிருந்தது.

ஷாமியானாவிலிருந்து பார்த்தால் ஏரிக்கரையில் பாதி தெரியும். மீதி குவாரிக்குள் போய்விடும். கரையில் அவர் போவது தெரிந்தது, எழுந்து நின்று மிதித்துக்கொண்டு போனார். பிறகு தெரியவில்லை. செய்ய எனக்கு எதுவும் இல்லை. வளைவுக்குப் போய் அந்த செக்யூரிட்டியிடம் நின்றேன். காலையில் ஏன் என்னை நிறுத்தினீர்கள் என்று கேட்டேன்.

“உங்கள யாரு சார் நிறுத்துனது? தண்ணி கேன் வண்டி உள்ள வந்துச்சு, அத நிறுத்துனேன்” என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “எந்தக் கம்பெனி?” என்று கேட்டார். சொன்னேன். அவர் எங்களுக்கு எதிர் கேட்டில் இரண்டு வருஷம் நின்றவராம்.

“அப்ப எறங்கத்தான் செய்வீங்க” என்றார்.

நான் அவரிடம் ஒன்று கேட்டுக்கொண்டேன். இன்னும் ஒருவர் வர வேண்டியிருக்கிறது, அவர் வரும்போது மட்டும் எந்த வண்டிக்கும் கை காட்ட வேண்டாம் என்று. அவர் விசிலை வாயிலிருந்து எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

பதினொன்று ஐம்பத்தைந்துக்குக் கரையின் இந்தப் பக்கத்தில் யாரும் இல்லை. ஐம்பத்தாறுக்கு ஒரு ஆள் வந்தார், சிவப்புத் தொப்பி, மாமா இல்லை. அம்மா என் பக்கத்தில் வந்து நின்றாள். அப்புறம் குவாரி மேட்டில் மாமாவின் மஞ்சள் பனியன் ஏறியது. அங்கிருந்து வளைவுக்கு முக்கால் கிலோமீட்டர், அதில் மணல் ஒரு துண்டு. எல்லாரும் இறங்கி ஓடுகிற இடம் அது. மாமா இறங்கவில்லை. சைக்கிள் நின்றே போய்விடும் போல இருந்தது, பிறகு நகர்ந்தது.

பன்னிரண்டுக்கு முக்கால் நிமிஷம் இருக்கும்போது விரிப்பின் மேல் ஏறினார். பலகையில் எங்கள் நம்பருக்கு நேராகப் பன்னிரண்டு வந்தது. அதைப் பார்க்க அவர் நிற்கவில்லை. சைக்கிள் உருண்ட தூரம் உருண்டு, புல்லில் போய்ச் சாய்ந்தது. அவரும் அதோடு சாய்ந்தார். குனிய முடியவில்லை அவருக்கு. பட்டையை நான்தான் கழற்றி மேஜையில் ஒப்படைத்தேன்.

ரொம்ப நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தார்.

“மதினி, ஆரஞ்சு இருக்கா?” என்றார்.

அம்மாவிடம் இல்லை. ஷாமியானா ஷாமியானாவாகக் கேட்டு, யாரோ ஒருவரிடமிருந்து பாதி வாங்கி வந்து கொடுத்தாள்.

பிப்ரவரியில் மாமா மலைக்குப் போனார். போக வேண்டிய சனிக்கிழமை அவருக்குக் காலை ஷிப்ட். லீவு கிடைக்காது என்று தெரிந்ததும் மாற்று ஆளாக என் பெயரை எழுதிக் கொடுத்தார். எனக்கு அன்று வார விடுமுறை. அவருடைய ஸ்டேஷனில் நின்று எட்டு மணி நேரம் பிரேக் ஒயர் மாட்டினேன். எனக்குக் கை பழகவில்லை. என்னால் லைன் இரண்டு தடவை நின்றது, லைன் லீடர் வந்து சத்தம் போட்டார். பக்கத்து ஸ்டேஷனில் என் வேலையை வேறொருவர் என்னைவிட வேகமாகச் செய்துகொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை மாமா வேலைக்கு வந்தார். முழங்காலில் கட்டு. முடித்தவர்களில் கடைசிக்கு முந்தின ஆளாக வந்ததாகச் சொன்னார். டீ நேரத்தில் எனக்கும் சேர்த்துக் கப்பை எடுத்துவந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அவர் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. நான்தான் கேட்டேன், அன்றைக்கு விடாப்பிடியாக நானே போயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று.

“மார்ச்சு வரைக்கும் திட்டியிருப்பேன்” என்றார். “இப்ப மூணு நாள்தான் திட்டுனேன்.”

எனக்குக் கேட்கவில்லையே என்றேன்.

ரூமில் வைத்துத் திட்டியதாகச் சொன்னார். நாலு பேருக்கும் தெரியுமாம்.