சாந்தகுமாரியின் முக்காடு

வெள்ளைக்காரன் ரங்கூனை விட்டுப் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. பிள்ளை பெற்றவள் கோயிலுக்குத் திரும்பி வருவதற்கு அவன் வைத்திருந்த சடங்கு மட்டும் அங்கே கியாக்டடாப் பேட்டையில், ஒரு சந்துக்குள் இருக்கிற சின்னத் தமிழ் வேதக்கோயிலில் அப்படியே தங்கிவிட்டது. அங்கே வருகிற பெண்கள் லேசுப்பட்டவர்களா? குருவானவர்கள் மாறினார்கள், பாட்டு மாறியது, பாதி ஆராதனை பர்மாப் பாஷைக்கே போய்விட்டது. முக்காட்டு ஞாயிறை மட்டும் அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

பிள்ளை பெற்றவள் தலை முழுகிய கையோடு கோயிலுக்குள் வந்துவிட முடியாது. ஒரு ஞாயிறு குறிப்பார்கள். அன்று அவள் அக்கம்பக்கத்துப் பெண்கள் சூழ வந்து, வெள்ளை முக்காட்டோடு முன் பெஞ்சில் முழங்கால் போடுவாள். மாமியார் பிள்ளையை ஏந்திக்கொண்டு பக்கத்தில் நிற்பாள். குருவானவர் ஜெபம் முடித்ததும் முக்காட்டை எடுத்துவிட்டு மற்றவர்களோடு போய் உட்காருவாள். அவ்வளவுதான், திரும்பிவிட்டாள். அப்புறம் வாசலில் மீன்குழம்பு ஊற்றிய மோகிங்கா நூடுல்ஸும் டீயும் ஊர்க்கதையும்.

கோயிலுக்கென்று இருப்பது ஒரே முக்காடு. இரண்டு பேர் தாராளமாகப் போர்த்திக்கொள்ளலாம், அத்தனை அகலம். அது ஜெயம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கும். அதை மடித்துத் தலையில் பதவிசாக ஊசி குத்துவது அவள் மருமகள் சாந்தகுமாரியின் வேலை. லைங் தாயாவில் தையல் ஃபேக்டரிக்குப் போகிறவள் அல்லவா, கை சுத்தம்.

சாந்தகுமாரி பிறந்தது ஆற்றுக்கு அக்கரையில், டாலாவில். அம்மன் கோயிலில் மாவிளக்குப் போட்டு வளர்ந்தவள். ஃபேக்டரி ஜெனரேட்டரைப் பழுதுபார்க்க வந்த சுரேந்திரன், ஜெனரேட்டர் சரியான பிறகும் வந்துகொண்டே இருந்தான். பிறகென்ன, கல்யாணம், ஞானஸ்நானம். அவள் அம்மா சொர்ணம்மாள் கொஞ்ச காலம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் ஒருநாள் கருவாட்டுப் பொட்டலத்தோடு ஃபெர்ரி ஏறி வந்து, எதுவும் நடக்காத மாதிரி உட்கார்ந்து பேசிவிட்டுப் போனாள்.

கோயில் பெண்களும் நல்லவர்கள்தான். ஆனால் சாந்தகுமாரிக்கு அங்கே விருந்தாளி என்ற நினைப்பு போகவே இல்லை. ஒவ்வொரு முக்காட்டு ஞாயிறும் ஊசியை வாயில் கவ்விக்கொண்டு யாரோ ஒருத்தியின் தலைக்குப் பின்னால் நிற்பாள். "அடுத்தது உனக்குத்தான்டி" என்று கேலி செய்வார்கள். வருஷங்கள் போயின. கேலி செய்வதையும் விட்டுவிட்டார்கள், அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

கடைசியில் உண்டானாள். நிறைமாதத்தில் இரத்தப்போக்கு. ஆஸ்பத்திரியில் அவள் பிழைத்ததே பெரும்பாடு. பெண் குழந்தை பிழைக்கவில்லை. சுரேந்திரன்தான் துணியில் சுற்றிக் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டு வந்தான். குழந்தையின் முகத்தைக்கூடச் சாந்தகுமாரி சரியாகப் பார்க்கவில்லை.

உடம்பு தேறியது. ஃபேக்டரி பஸ்ஸில் ஏறி வேலைக்கும் போனாள். கோயிலுக்கு மட்டும் போகவில்லை. வராதே என்று யாரும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. முக்காட்டு ஞாயிறுதானே வாசல்! பிள்ளை இல்லாதவளுக்கு எந்த ஞாயிறைக் குறிப்பது என்று அவர்களுக்கும் விளங்கவில்லை.

"நீ இங்க வந்துரு கண்ணு. தலைய முழுகிட்டு நம்ம அம்மன் வாசல்ல வந்து நில்லு. அவ ஒண்ணும் கேக்க மாட்டா" என்றாள் சொர்ணம்மாள் போனில். சாந்தகுமாரிக்கும் போய்விடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் ஒருதரம் கேட்டுப் பார்க்காமல் போக மனசு வரவில்லை. இல்லை என்று சொல்லிவிட்டால் அந்தப் படியை மறுபடி மிதிப்பதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டு, சனிக்கிழமை சாயங்காலம் கோயிலுக்குப் போனாள்.

குருவானவர் ரவி புதிதாக வந்தவர். தாய் பர்மாக்காரி; பெண்களைப் பர்மா மரியாதைப்படி 'மா' சேர்த்துத்தான் கூப்பிடுவார். வேதபாடசாலையில் இங்கிலீஷ் சபையின் பழைய சரித்திரம் நடத்துகிறவர். கரண்டு போன கோயிலில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு விளக்குகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு முக்காட்டு ஜெபம் சொல்வீங்களா ஐயா?"

அவர் துணியைக் கீழே வைத்தார். "மா சாந்தா, உக்காருங்க. நான் இந்த வழக்கத்தையே நிறுத்தலாம்னு இருக்கேன். நானூறு வருஷத்துக்கு முந்தியே இங்கிலீஷ்காரங்க இதுக்குச் சண்டை போட்டாங்க. பிள்ளை பெத்தவ தீட்டா, அவளுக்கு எதுக்கு முக்காடுன்னு சில குருமாருங்க ஜெபம் சொல்ல மாட்டேன்னுட்டாங்க. நானும் அந்தக் கட்சிதான்."

சாந்தகுமாரிக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ! "தீட்டைப் பத்தி நான் கேட்டேனா ஐயா? நான் செத்துப் பொழைச்சு வந்திருக்கேன். அதை ஒருத்தர் வாய் தொறந்து சொல்லல. எல்லாரும் பிள்ளை போச்சு, பிள்ளை போச்சுங்கறாங்க. போச்சுதான். நான் இருக்கேனே! எனக்காக ஒரு வார்த்தை கிடையாதா?"

சொல்லிவிட்டு அழுதாள்.

"அந்த ஜெபத்துல பிள்ளையே இல்ல, மா சாந்தா" என்றார் ரவி பிறகு மெதுவாக. "முழுக்கத் தாயைப் பத்திதான். சாவு இவளைச் சுத்தி வளைச்சுது, நீர் காப்பாத்தினீர்னு நன்றி சொல்றோம். அந்தக் காலத்துல பிள்ளை தவறிப்போன பொம்பளைங்களும் வந்திருக்காங்க. பாடம் நடத்தறப்ப நானே சொல்லியிருக்கேன். இங்க வந்து மறந்துட்டேன். நாளைக்கே வச்சிக்கலாம். ஆனா தனியா வராதீங்க. அந்தக் காலத்துல அவங்களோட ஊர்ப் பொம்பளைங்கதான் கூட நடந்து வருவாங்க. உங்க அத்தையைக் கூட்டிட்டு வாங்க."

அங்கேதான் இடித்தது. வீட்டுக்கு வந்து கேட்டதும் ஜெயம்மாவின் முகம் இருண்டுவிட்டது.

"பிள்ளையில்லாம என்னாடி முக்காடு? நான் வெறுங்கையோட பக்கத்துல நிக்கிறதா? எல்லாரும் பாப்பாங்களே."

"பாக்கட்டும் அத்தே."

"என்னால முடியாது." ஜெயம்மா டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் காலையில் சாந்தகுமாரி சுரேந்திரனோடு போனாள். வாசலில் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு வழிவிட்டார்கள். சுரேந்திரன் ஆண்கள் பக்கம் ஒதுங்கிக்கொள்ள, முன் பெஞ்சுவரை அவள் ஒருத்தியாகவே நடந்தாள். முழங்கால் போட்டு, புடவைத் தலைப்பைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். ஊசி குத்த ஆளில்லை, அது வழுக்கி வழுக்கி விழுந்தது. பாவம், தானே பிடித்துக்கொண்டாள்.

ரவி உடனே தொடங்கவில்லை. கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். இனிக் காத்திருப்பதில் அர்த்தமில்லை என்று புத்தகத்தைத் திறந்தபோது செருப்புச் சத்தம் கேட்டது.

ஜெயம்மா மூச்சு வாங்க வந்தாள். முக்காடு கையில் இருந்தது. மருமகளின் தலைப்பை விலக்கிவிட்டு அதைப் போர்த்தினாள். ஊசியைத் தேடி விரல்கள் தடுமாறின. பக்கத்தில் நிமிர்ந்து நின்றாள். ஏந்துவதற்கு எதுவும் இல்லாமல் இரண்டு கையும் தொங்கின. ஒரு கணம்தான். பிறகு முட்டி வலியோடு மெல்ல இறங்கி அவளும் முழங்கால் போட்டு, முக்காட்டின் மிச்ச பாதியைத் தன் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"சுரேந்திரனுக்கு முன்னால எனக்கும் ஒண்ணு போச்சுடி" என்றாள் துணிக்குள்ளே, சாந்தகுமாரிக்கு மட்டும் கேட்கும்படி. "என்னைய யாரும் கூப்பிடல. நானும் கேக்கல. அவன் பொறந்தப்ப அவனுக்காகத்தான் முக்காடு போட்டாங்க."

சாந்தகுமாரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ரவி அந்தப் பழைய ஜெபத்தை நிறுத்தி நிறுத்தி வாசித்தார். பின்னால் பெண்கள் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து, ஒவ்வொருத்தியாகச் சுற்றி நின்றார்கள்.

ஆமென் சொல்லியாயிற்று. இனி முக்காட்டை எடுத்துவிட்டுப் போய் எல்லோரோடும் உட்கார வேண்டியதுதான். சாந்தகுமாரி மடிப்பதற்குத் துணியின் ஓரத்தைப் பிடித்தாள்.

"இருடி" என்றாள் ஜெயம்மா. "இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்."