இடுப்பு மடிப்பில் இருந்த இரும்புப் பின்

கள்ளமாகக் கடல்வழி வந்த பீடி இலை மூட்டை ஏற்றிய குற்றத்துக்காக நான் சிறையில் இருந்தபோது, திருத்தி எடுக்கச் சொல்லி எங்களிடம் ஒரு பழைய லொறியைத் தந்தார்கள். மூக்கு நீண்ட, அந்தக் காலத்து லொறி. உப்பளத்தில் ஓடி ஓடி, கடைசியில் உப்பே அதைத் தின்றிருந்தது. வெளியே கராஜில் வேலை செய்தவன் என்பதால் என்னைத்தான் அதற்குப் பொறுப்பாக்கினார்கள். என்னோடு நின்று உழைத்தவன் சிலாபத்துக் கரையைச் சேர்ந்த ஒரு கத்தோலிக்க மீனவன். லொறி ஓட்டவும் தெரிந்தவன். என்னை அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடுவான். எட்டு மாதத்தில் இரண்டு பேருமாக அதைக் கலியாண மாப்பிள்ளை போல ஆக்கிவிட்டோம்.

என் வீட்டிலும் ஒரு கலியாணம் இருந்தது. கரைத்தீவில் மூத்த மகளுக்கு நிக்காஹ். தகப்பன் வலியாக, அதாவது மகளின் பொறுப்பாளனாக இருந்து, சாட்சிகள் முன்னால் தன் வாயால் மகளை ஒப்படைக்க வேண்டும். ஒரு பிழையும் விடாமல் இருந்தால் ஒருநாள் லீவு தருவதாக ஜெயிலர் சொல்லியிருந்தார். அந்த ஒரு நாளுக்காக நான் யாரோடும் வாய் கொடுக்காமல் இருந்தேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்.

லொறியை வெள்ளோட்டம் விடும் காலையில் வரிசையில் நின்றபோது இடுப்பில் ஏதோ குத்தியது. காற்சட்டை மடிப்பைத் தடவினேன். சீலைத் துண்டில் சுற்றிய இரும்புப் பின். முன் சக்கரத்தைத் திருப்பும் தண்டின் நட்டு கழலாதபடி குறுக்கே செருகும் சின்னக் கம்பி அது.

எங்கள் கரையில் வேலை பழகியவனுக்கு இந்தப் பழக்கம் விடாது. உப்புக் காற்றில் நிலத்தில் வைத்த சிறு இரும்பு விடிவதற்குள் துருவேறும். அதனால் கிறீஸ் பூசி, சீலையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொள்வோம். முதல்நாள் மாலை, பின்னைச் செருகும் துளைக்கு நேராக நட்டைத் தளர்த்தி வைத்த நேரம் பார்த்து ஆள் எண்ணும் விசில் ஊதியது. பின்னை அப்படியே மறந்துபோனேன். முப்பது வருடம் ஸ்பேனர் பிடித்த மடையன் நான்.

சிறையில் இடுப்பில் இரும்பு இருந்தால் அது ஆயுதம்தான். சொன்னால் லீவு போகும். சொல்லாவிட்டால், சிறைக்கு வெளியே களப்புக் கரையோரத்துக் குண்டு குழி வீதி அந்த நட்டைக் கழற்றிவிடும். பின்னால் பத்துக் கைதிகள் ஏறிவிட்டார்கள். மீனவன் ஸ்டீயரிங்கில் இருந்து, சிலுவை போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

ஒரு ஓட்டத்துக்குத் தாங்கும், வந்ததும் செருகிக்கொள் என்று சைத்தான் காதில் ஓதினான். நானும் கொஞ்சம் கேட்டுக்கொண்டுதான் நின்றேன். லொறி வாசலை நோக்கி நகர்ந்தது. ஓடிப்போய் மறிக்கவும் முடியாது. வாசலை நோக்கி ஓடும் கைதியை நிறுத்திக் காரணம் கேட்கமாட்டார்கள், சுடுவார்கள்.

நின்ற இடத்திலேயே இரண்டு கைகளையும் உயர்த்தினேன்.

"சேர், லொறிய நிப்பாட்டச் சொல்லுங்க. அதுட பின் என்னட்ட இருக்கு."

காவலர் ஒருவர் என் கையை முறுக்கிப் பின்னை எடுத்தார். லொறி நின்றது. ஜெயிலர் குனிந்து சக்கரத்துக்குள் கையை விட்டார். நட்டு அவருடைய விரலுக்கே சுழன்றது. அவர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு, நீ சொன்னது நல்லது, ஆனால் இரும்பு உன் இடுப்பில் இருந்தது, லீவு இல்லை என்றார். நல்ல மனிதர்தான். அதனாலேயே எனக்குக் கோபம் இன்னும் கூடியது.

நிக்காஹ் நாளன்று என் இடத்தில் தம்பி இருந்தான். பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு நான் லொறிக்கு அடியில் மல்லாந்து கிடந்து கிறீஸ் அடித்துக்கொண்டிருந்தேன். அந்த இரும்புப் பின் இப்போது தன் துளையில், கண்ணுக்கு நேரே இருந்தது. அங்கே தம்பி அதைச் சொல்லும் நேரம் என்று தோன்றியதும், பிஸ்மில்லாஹ் சொல்லி, "என் மகளை உங்களுக்கு நிக்காஹ் செய்து தந்தேன்" என்று வாய்விட்டுச் சொன்னேன். அழுகை வந்துவிட்டது.

மேலே கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்த மீனவன் துடைப்பதை நிறுத்தினான்.

"என்ன நானா, கீழ தனியக் கதைக்கிறீங்க?"

"மகளக் கட்டிக் குடுக்கிறன்."

அவன் இறங்கி வந்து, எண்ணெய் மண்ணில் என் பக்கத்தில் படுத்தான்.

"திரும்பச் சொல்லுங்க. சாட்சி வேணுமெண்டு அண்டைக்குச் சொன்னீங்கதானே. நான் இருக்கிறன்."

அவனுடைய சாட்சி எங்கள் மார்க்கத்தில் செல்லாது. ஆனாலும் திரும்பச் சொன்னேன்.