மூன்றாவது அழைப்பு

அலுவலகத்துப் பின்புறக் குழாயடியில் நின்று, உப்புப் போட்ட வெந்நீரைத் தொண்டைக்குள் உருட்டிக்கொண்டிருக்கிறார். அந்த நேரத்தில் பெரிய அதிகாரியே எதிரில் வந்து நின்றாலும் ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவார், அவ்வளவுதான். தலை அண்ணாந்திருக்கும், கண் மூடியிருக்கும், உலை கொதிப்பது மாதிரி ஒரு சத்தம் வரும். பிறகு செடியோரம் துப்பிவிட்டுப் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, ‘ம்ம்’ என்று தனக்குத்தானே சொல்லிப் பார்ப்பார். அந்த ‘ம்ம்’ எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பி வந்துவிட்டால் அன்றைய வேலைக்கு அவர் தயார்.

மாவட்ட அலுவலகத்தில், விசாரணைக் கூடத்து வாசலில் நின்று பேர் கூப்பிடுவது அவர் வேலை. அந்தப் பதவிக்கு நீளமாக ஏதோ ஒரு பெயர் இருக்கிறது. வாய்நிறைய அதைச் சொன்னவர்கள் யாரும் இல்லை. எல்லோருக்கும் அவர் ‘தொண்டை’. முகத்துக்கு நேரே மட்டும் ‘அண்ணே’. வரப்புத் தகராறு, பாதைத் தகராறு, பட்டா மாற்றம் என்று காலையிலிருந்தே மரத்தடியில் கூட்டம் சேர்ந்துவிடும். உள்ளே கிளார்க் பேரை முணுமுணுப்பார். வாசலில் இவர் அதை வாங்கி, தாழ்வாரம், மரத்தடி, டீக்கடை எல்லாம் தாண்டி, எதிர்ச் சாரி பஸ் நிறுத்தம் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பார். கிளம்பிவிட்ட பஸ்ஸிலிருந்து ஓர் ஆள், “இருக்கேன்யா, இருக்கேன்!” என்று கத்திக்கொண்டே குதித்து ஓடிவந்த கதையை டீக்கடைக்காரர் இன்றைக்கும் சொல்வார்.

அப்படிப்பட்ட மனிதர் வீட்டில் ஒருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார். மனைவிக்கு ‘இங்க பாரு’, மகளுக்கு ‘இந்தாம்மா’. “ஊரையே கூவிக் கூப்பிடற மனுஷன், பசிச்சா மட்டும் தட்டைத் தட்டிக் காட்டறார்” என்பது மனைவியின் தீராத குறை. மகள் ஆசையாகத் தூக்கிவந்த நாய்க்குட்டிக்குக்கூடப் பேர் வைக்க விடவில்லை. அது வளர்ந்து, குட்டிகளும் போட்டு, இன்னும் பேரில்லாமல்தான் வாலாட்டிக்கொண்டிருக்கிறது.

“பேரைச் சும்மா வெளிய விடக் கூடாதும்மா. யார் காதுல விழும்னு நமக்கென்ன தெரியும்?” என்பார். சிரிக்காமல் சொல்வார். மகளும் அதற்கப்புறம் சிரித்ததில்லை.

எல்லாம் அந்த வெள்ளத்திலிருந்து வந்தது. மாவட்டத்தின் மேற்குக் கோடியில் ஓர் அணை இருக்கிறது. பல வருஷங்களுக்கு முன், பேய்மழையில் அதன் மதகுகளை ஒரேயடியாகத் திறக்க வேண்டி வந்தது. கரையோரக் குடியிருப்புகளைத் தண்ணீர் வழித்துக்கொண்டு போனது. கிடைத்தவர்களை அடக்கம் செய்தார்கள். கிடைக்காதவர்களை என்ன செய்வதென்று நிர்வாகத்துக்குப் புரியவில்லை. உடல் இல்லாமல் இறந்தார் என்று எழுத முடியாது. ஆளே இல்லாமல் இருக்கிறார் என்று எத்தனை காலத்துக்கு எழுதுவது? அப்போதிருந்த அதிகாரி ஒரு வழி சொன்னார். வீட்டார் மனுக் கொடுக்கட்டும். விசாரணை அன்று காணாமல் போனவர் பேரை வாசலில் நின்று மூன்று முறை கூப்பிடட்டும். யாரும் வரவில்லை என்று கூப்பிட்டவர் சொன்னால், அந்த ஆள் அன்றோடு இறந்தவர். அதிகாரி மாற்றலாகிப் போனார். அவருடைய வழி மட்டும் இந்தக் கட்டடத்திலேயே தங்கிவிட்டது.

அந்த அழைப்புக்கு மட்டும் தொண்டையிடம் தனி முறை உண்டு. முதல் இரண்டையும் அடுத்தடுத்துக் கூப்பிடுவார். பிறகு வாசலிலிருந்து விலகி, சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நிற்பார். அப்படி நின்றபடியேதான் மூன்றாவது.

புதிதாக வந்த கிளார்க், வாய்த் துடுக்குக்காரர், கேட்டேவிட்டார்: “யாருக்குண்ணே இவ்வளவு மரியாதையா வழி விடறீங்க?”

“வர்றவங்க நம்மை இடிச்சுக்கக் கூடாது இல்ல?”

கிளார்க் பெரிதாகச் சிரித்தார். மறு விசாரணையிலிருந்து தன் நாற்காலியை வாசலை விட்டு உள்தள்ளிப் போட்டுக்கொண்டார்.

கூட்டித் துடைக்கிற அம்மாவுக்கு வேறு கோபம். “நான் துடைச்சுக் காஞ்ச தரை. இவர் அந்தப் பேருங்களைக் கூப்பிடற அன்னைக்கு மட்டும் வாசப்படி நனைஞ்சு கெடக்கு. மேல ஒழுகுதாம்! கோடையில எந்தக் கூரை ஒழுகும்? அதுவும் சேத்து வாடையோட!” தொண்டை மறுநாள் வீட்டிலிருந்து பழைய சாக்கு ஒன்றைக் கொண்டுவந்து வாசற்படியில் விரித்துவிட்டுப் போனார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர் தோளில் எப்போதும் ஒரு துண்டு மடிப்புக் கலையாமல் கிடக்கும். சீருடைமேல் துண்டு கூடாது என்று அதிகாரிகள் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். முகம் கழுவினாலும், மழையில் நனைந்தாலும் அதால் துடைக்க மாட்டார். அது எப்போதும் உலர்ந்தே இருக்கும்.

அவருடைய அண்ணன் அணையில் மதகு திறக்கிற வேலையில் இருந்தவர். வேலை முடிந்து வரும்போது தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட வருவார். அப்படியே உள்ளே வந்தால் தரை பாழாகிறதென்று அண்ணி சத்தம் போடுவார். அதனால் வாசற்படியிலேயே நின்று, “டேய், துண்டு!” என்று குரல் கொடுப்பார். தம்பி ஓடிப்போய் நீட்ட வேண்டும். வெள்ளத்தன்று மதகுக்குப் போனவரின் சைக்கிள் மட்டும் கைப்பிடிச் சுவரில் சாய்த்து வைத்தபடி, பூட்டுக்கூடப் போட்டபடி இருந்தது.

அண்ணி இத்தனை வருஷம் மனுக் கொடுக்கவில்லை. ஏட்டில் அண்ணன் இன்னும் உயிரோடு இருப்பதால், வெள்ளத்துக்குப் பிறகு அரசாங்கம் கொடுத்த வீடும் அவர் பேரிலேயே இருக்கிறது. அந்தத் தெரு வீடுகளையெல்லாம் இப்போது இடித்துக் கட்டித் தருகிறார்கள். ஆனால் வீட்டுக்குரியவர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றதும் அண்ணி மனுக் கொடுத்துவிட்டார். முதல் விசாரணை அன்று தொண்டை கட்டிவிட்டது என்று இவர் விடுப்பில் இருந்துவிட்டார். அடுத்த விசாரணைக்கு வந்தார். இரண்டு முறை கூப்பிட்டார். அதோடு உள்ளே திரும்பி, “காத்து எதிரா அடிக்குது, வெளிய கேட்டிருக்காது. இன்னொரு நாள் வெச்சுக்கலாம்” என்றார். விசாரணை தள்ளிப்போனது.

போன மாதம் மறுபடி நாள் குறித்தார்கள். அன்று காலை அண்ணி நேராகக் குழாயடிக்கே வந்துவிட்டார்.

“தொண்டையெல்லாம் சரியாயிடுச்சா தம்பி?”

இவர் விரலைத் தூக்கினார்.

“விரலைக் காட்டாதீங்க. நான் உங்க ஆபீசர் இல்ல.”

துப்பிவிட்டுத் தலைகுனிந்து நின்றார். “இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாம் அண்ணி.”

“பின்பக்கச் சுவர் வெளிய சாஞ்சாச்சு. மழைக்கு முந்தி எம் பேருக்கு மாறலைன்னா தெருவுல நம்ம வீடு ஒண்ணுதான் அப்படியே நிக்கும். சுவர் என் தலையில விழுந்தப்புறம் எம் பேரையும் இங்க நின்னு கூப்பிடுவீங்களா?”

“மூணாவதும் கூப்பிட்டுட்டா அவ்வளவுதான் அண்ணி. அப்புறம் அண்ணன் இல்லைன்னு ஆயிடும்.”

“இப்ப மட்டும் எங்க இருக்கார்?” அண்ணியின் குரல் தணிந்துவிட்டது. “ஊர்ல அத்தனை பேரையும் கூப்பிட்டு அனுப்பி வெச்சீங்க. உங்க அண்ணனை மட்டும் ரெண்டு தடவை கூப்பிட்டுட்டு விட்டுட்டீங்க. பாதி வழியில நிக்கிறவர் எங்க போவார் தம்பி? அன்னைக்கிலேருந்து எங்க வாசப்படி காயவே இல்ல.”

அவர் அண்ணியின் காலைப் பார்த்தார். செருப்பு விளிம்பில் கருஞ்சேறு ஒட்டியிருந்தது. மழை பெய்து மாதங்கள் ஆகியிருந்தன.

கூடத்தில் கிளார்க் அண்ணனின் பேரை முணுமுணுத்தார். தொண்டை அதை வாங்கிக் கூப்பிட்டார். மரத்தடியில் பேச்சு நின்றது. மறுபடி கூப்பிட்டார், டீக்கடையில் கிளாஸ் கழுவுகிற சத்தம் நின்றது. வழக்கமாக இந்த இடத்தில் ஒதுங்குகிறவர், வாசல் நிலையின் இரண்டு பக்கமும் கையை ஊன்றி, வழியை அடைத்துக்கொண்டு நின்றார். பின்னால் பெஞ்சில் அண்ணி அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கைகள் மெதுவாக இறங்கின. சுவரோடு ஒட்டிக்கொண்டார். மூன்றாவது அழைப்பு பஸ் நிறுத்தம் வரை போகவில்லை. பக்கத்து அறையில் இருக்கிறவரைக் கூப்பிடுகிற மாதிரி, அவ்வளவு சாதாரணமாக இருந்தது.

வெயிலில் மொரமொரத்துக் கிடந்த சாக்கின் நடுவில் ஈரம் கருத்துப் பரவியது.

“யாராவது வந்தாங்களாண்ணே?” என்றார் கிளார்க், நாற்காலியை விட்டு எழாமலே.

“யாரும் வரலை.”

கூடம் முழுக்கக் கேட்டது. அண்ணி முகத்தை மூடிக்கொண்டார். தொண்டை திரும்பிப் பார்க்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து மடிப்பைப் பிரித்தார், ஒரு உதறு உதறினார், காலி வாசலை நோக்கி நீட்டினார்.